திரையிசைப் பணியாளர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களைப் பெரும்பாலும் புதியவர்களுக்கே ஒதுக்கினோம். என்ன ஆக விரும்புகிறீர்கள் என்று கேட்டால், வந்த இளைஞர்களில் ஏறக்குறைய எல்லோரும் சொன்னது ‘இசையமைப்பாளர்’. நல்ல ஆசைதான். ஆனால் ஒரு படத்துக்கு இசையமைப்பாளர் பெரும்பாலும் ஒருவரே. அவர் மனத்தில் இருப்பது திரையரங்கில் ஒலிக்க இசைக்கோர்ப்பாளர், நோட்டு எழுதித் தருபவர், வாத்தியக் கலைஞர்கள், கீபோர்டு புரோகிராமர், ஒலிப்பதிவுப் பொறியாளர், இசைத் தொகுப்பாளர் என்று பலர் உழைக்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட வேலைகள் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. இது என்னை மிகவும் உறுத்தியது.

பதிவான இசையைக் காட்சிக்கேற்ப வெட்டி ஒட்டும் இசைத் தொகுப்பு வேலையைப் பற்றிய கூட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு காட்சியை ஓட்டிக் காட்டினார். இசைப்பதிவு முடிந்த பிறகு அதில் 18 ஃபிரேம்கள், அதாவது 18 தனிப் படங்கள், வெட்டப்பட்டிருந்தன. கதவு சாத்தும்போது விழ வேண்டிய முரசொலி முக்கால் விநாடி பிந்தி விழுந்தது. விநாடிக்கு 24 ஃபிரேம், நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம். 18 ஃபிரேம் என்பது ஒன்றரைத் தட்டு. இசையிலும் அதை அப்படியே வெட்டினால் தாளம் நொண்டும். அவர் இரண்டு தட்டுகளை முழுதாக எடுத்தார். பிறகு, கதவுக்குச் சற்று முன் தாளம் ஓய்ந்து வயலின்கள் ஒரே சுரத்தில் நிற்கும் இடத்தை 6 ஃபிரேம் நீட்டினார். மறுபடி ஓட்டியபோது ஒட்டு எங்கே என்று எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அன்று மாலையே இரண்டு பேர் அவரிடம் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார்கள்.

வாத்தியக் கலைஞர்களுக்கு, தாளம் காட்டும் ‘கிளிக்’ ஒலி காதில் கேட்க, நோட்டைப் பார்த்தவுடன் வாசிக்கும் பயிற்சியும் நடந்தது. மேடையில் வெளுத்துக்கட்டுபவர்களும் முதல் நாள் தடுமாறினார்கள்.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஒரு படத்தின் பின்னணி இசையில் சில பகுதிகளை நம் உறுப்பினர் ஒருவரே எழுதினார். கியூ ஷீட்டில் அவர் பெயர் இல்லை. எந்த இசைத்துண்டு எவ்வளவு நேரம் ஒலிக்கிறது, எழுதியவர் யார் என்பதைச் சொல்லும் அந்தத் தாளை வைத்துத்தான் ராயல்டி பிரிக்கிறார்கள். படம் தொலைக்காட்சியில் எத்தனை முறை ஓடினாலும் அவருக்கு ஒன்றும் வராது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததால், சங்கத்தால் கடிதம் அனுப்ப மட்டுமே முடிந்தது. பதில் வரவில்லை.

இதை முன்னிட்டு, வேலை தொடங்கும் முன்பே கையெழுத்திட வேண்டிய மாதிரி ஒப்பந்தம் ஒன்றைச் செயற்குழு தயாரித்திருக்கிறது. பொருளாளர் வரவு செலவுக் கணக்கைச் சமர்ப்பித்த பின், அதை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்