காற்று ஊதிப் பார்த்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்ஸி) உள்ள குழந்தை நிமோனியாவுக்கோ வலிப்புக்கோ வார்டில் சேர்ந்தால், விழுங்கச் சிரமப்படும் என்பதால் பல நேரம் மூக்கு வழியே வயிற்றுக்குப் பால் செலுத்தும் குழாய் (ரைல்ஸ் டியூப்) போடுகிறோம். போட்ட கையோடு சிரிஞ்சால் காற்றை ஊதி, வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்து, ‘குபுக்’ என்று கேட்டால் பால் ஊற்றிவிடுவது பழக்கமாகிவிட்டது. இந்தச் சோதனையை நம்பக் கூடாது. குழாய் நுனி நுரையீரலில் நின்றாலும் அதே சத்தம் வயிற்றில் கேட்கலாம். மற்ற பிள்ளை என்றால் இருமித் திமிறும். இருமும் திறன் மங்கிய இந்தப் பிள்ளைகளிடம் அந்த அறிகுறியும் வராமல் போகும்.

நம்பத்தக்க வழி, அமிலத்தன்மையை எண்ணால் காட்டும் பிஹெச் தாள்; எண் குறைந்தால் அமிலம் அதிகம். ஒவ்வொரு வேளையும் ஊட்டும் முன் குழாயிலிருந்து சிறிது நீரை உறிஞ்சித் தாளில் விட்டு, 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் மட்டும் ஊட்டலாம். நீல லிட்மஸ் உதவாது. இரைப்பை நீரையும் நுரையீரல் சளியையும் அதனால் பிரித்துக் காட்ட முடியாது. நீர் வராவிட்டால் குழந்தையை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கால் மணி கழித்து மறுபடி உறிஞ்சிப் பார்க்கலாம். எதுக்களிப்புக்கு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் எடுக்கும் பிள்ளைக்கு (இவர்களில் பலர் எடுப்பவர்களே) குழாய் சரியாக இருந்தாலும் அளவு ஏறிக் காட்டலாம். சந்தேகம் தீராவிட்டால் எக்ஸ்ரே எடுக்கும்வரை குழாயில் எதையும் விடக் கூடாது. மூக்கோரம் தெரியும் சென்டிமீட்டர் குறியைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தால், குழாய் நழுவியதை அடுத்த ஷிப்ட் நர்ஸ் பார்த்ததும் கண்டுகொள்வார்.

ஊட்டும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். முடிந்து அரைமணியாவது அப்படியே இருக்கட்டும். சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டுப் பாலைத் தானாக இறங்க விட வேண்டும். ஆள் பற்றாக்குறையில் அமுக்கித் தள்ளுவதும் வாந்திக்கு ஒரு காரணம்.

வலிப்பு மருந்திலும் கவனம் வேண்டும். ‘சிஆர்’ (மருந்தை மெல்ல வெளிவிடும்) மாத்திரையைப் பொடித்தால் மெல்ல மெல்லச் சேர வேண்டிய மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். சிரப் கேட்டு வாங்குங்கள். கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தின் சிரப்பை அப்படியே ஊற்றினால் குழாய்ச் சுவரில் ஒட்டி மருந்து குறையும்; சம அளவு தண்ணீர் கலக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு மறுபடி வலிப்பு வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று டோஸைக் கூட்டுவார்கள்.

விலை அதிகமில்லாத பிஹெச் தாள், குழந்தைகள் வார்டின் ஊசி மருந்துத் தட்டில் பஞ்சைப் போல எப்போதும் இருக்கும்படி சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டிலேயே மாதக்கணக்கில் குழாயில் ஊட்டிவரும் தாயிடம், “வழக்கமா எந்தக் குறியில நிக்கும்மா?” என்று கேட்க அரை நிமிடம் போதும்.

– குழந்தைகள் வார்டு செவிலியர்கள், மதுரை