பார்கோடு மென்பொருள் வாங்கும் வணிகர்களின் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிக் கடைகளுக்குக் கணக்கு எழுதிவருபவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். சரக்கிருப்பைப் பார்கோடு மூலம் நிர்வகிக்கும் மென்பொருளைத் தங்கள் கடைக்கென்றே தனியாகச் செய்து வாங்குவதில் நம் மாவட்டத்து நடுத்தர வணிகர்கள் பலர் ஆர்வம் காட்டுகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பேரம் பேசும்போது ஸ்கேனரின் விலை, ஸ்டிக்கர் பிரிண்டரின் வாரண்டி, பில் வரும் வேகம் ஆகியவற்றையெல்லாம் துருவித் துருவிக் கேட்பவர்கள், அவை எல்லாவற்றுக்கும் ஆதாரமான, சரக்கு விவரங்கள் சேமிக்கப்படும் தரவுத்தளத்தை (டேட்டாபேஸ்) பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை.

பாக்கெட்டின் மேல் 890 என்று தொடங்கும் 13 இலக்க எண்ணைப் பார்க்கிறோம். அந்தப் பொருளின் நிறுவனம், பார்கோடு எண்களை வழங்கும் இந்தியாவின் ஜிஎஸ்1 அமைப்பிடம் எண் பெற்றிருக்கிறது என்பதைத்தான் முதல் மூன்று இலக்கங்கள் காட்டுகின்றன. கடைசி இலக்கம் மற்ற இலக்கங்கள் சரியாகப் படிக்கப்பட்டனவா என்று சோதிப்பதற்கானது. விலை, வரி, காலாவதித் தேதி எதுவும் அந்தக் கோடுகளில் இல்லை. அதனால்தான் 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது, பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட சோப்பும் புதிய எம்.ஆர்.பி. அச்சிட்ட சோப்பும் ஒரே எண்ணோடு ஒரே அலமாரியில் நின்றன. ஒரு பார்கோடுக்கு ஒரு விலை என்று அமைக்கப்பட்ட மென்பொருளில் புதிய விலையை ஏற்றியதும், பழைய இருப்பின் விலையும் கொள்முதல் மதிப்பும் சேர்ந்தே மாறிவிடும். ஆண்டு இறுதியில் அந்த வித்தியாசத்தைத் தேடி உட்காருவது எங்களைப் போன்ற கணக்கர்கள்தான். ஒவ்வொரு கொள்முதலையும் தனித்தனித் தொகுதியாக, அதற்குரிய எம்.ஆர்.பி., அடக்க விலை, காலாவதித் தேதி ஆகியவற்றோடு பதிந்துகொண்டு, ஸ்கேன் செய்யும்போது இரண்டு தொகுதிகள் இருப்பில் இருந்தால் எது என்று கேட்கும் மென்பொருளே கடைக்கு உதவும். இதை விலைப்புள்ளி வாங்கும் முன்பே இரண்டு சோப்பை மேசையில் வைத்துச் செய்துகாட்டச் சொல்லலாம்.

நம் ஊர்ச் சரக்குகளுக்கென்று சில தேவைகள் உண்டு. கடையிலேயே எடைபோட்டுக் கட்டும் கருப்பட்டி, முந்திரிப் பருப்பு, நேந்திரங்காய் சிப்ஸ் ஆகியவற்றுக்கு நாமே எண் கொடுக்க வேண்டியிருக்கிறது. கடைக்குள் மட்டும் புழங்கும் எண்களுக்காக 20 முதல் 29 வரையிலான தொடக்க எண்கள் உலக அளவில் ஒதுக்கப்பட்டுள்ளன. 890இல் தொடங்கும் எண்ணை யாராவது இஷ்டத்துக்கு உருவாக்கிக் கொடுத்தால், என்றாவது ஒரு நாள் வேறொரு நிறுவனத்தின் பொருளோடு அது மோதும். குளச்சல் பக்கம் மீன்பிடிக் கயிறு விற்பவர்கள் கட்டுக் கணக்கில் வாங்கிக் கிலோ கணக்கில் விற்கிறார்கள். எலக்ட்ரிக்கல் கடைக்காரர் 90 மீட்டர் காயிலாக வாங்கும் வயரை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிறார். வாங்கும் அளவும் விற்கும் அளவும் தரவுத்தளத்தில் வெவ்வேறாக இருக்க இடமில்லையென்றால், மூன்றாவது மாதம் இருப்பு மைனஸில் போய் நிற்கும். பழைய சரக்குப் பட்டியலை எக்செல் வழியாக ஏற்றுவோர் பார்கோடு இருக்கும் கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். எண்ணாக விட்டால் 8.90E+12 என்று சுருங்கிக் காட்டும், பூஜ்யத்தில் தொடங்கும் வெளிநாட்டுப் பொருள்களின் முதல் இலக்கம் காணாமல் போகும்.

அடுத்தது சட்டம். ஜி.எஸ்.டி. விதி 56இன்படி, காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்றுமுதலின் மேல் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் முறை) இருப்போர் நீங்கலாக, பதிவு பெற்ற வணிகர்கள் ஆரம்ப இருப்பு, வரவு, விற்பனை மட்டுமின்றித் தொலைந்தவை, திருடுபோனவை, அழிந்தவை, இலவச மாதிரியாகக் கொடுத்தவை ஆகியவற்றுக்கும் கணக்கு வைத்திருக்க வேண்டும். கணினியில் பதிவதென்றால், திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் தடயம் இருக்க வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. இருப்பை ஒரே எண்ணாக வைத்து அதன் மேலேயே திருத்தி எழுதும் மென்பொருள் இந்த இரண்டையும் நிறைவேற்றாது. ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை இந்தக் கணக்குகளைப் பாதுகாக்கவும் வேண்டும். மென்பொருள் செய்து கொடுத்தவர் அதற்குள் ஊரை மாற்றலாம், தொழிலையும் மாற்றலாம்.

பணம் கொடுத்துச் செய்யச் சொன்னதால் மென்பொருள் தமக்கே சொந்தம் என்று வணிகர்கள் நம்புகிறார்கள். சம்பள ஊழியர் அல்லாத ஒருவர் எழுதிய நிரலுக்கு (மென்பொருளை இயக்கும் கணினிக் கட்டளைகள்), வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், எழுதியவரே முதல் உரிமையாளர் என்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் நிலை. உரிமை மாற்றம் எழுத்துமூலமாக இருக்க வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். நிரலின் உரிமை கிடைக்காவிட்டாலும் போகட்டும், தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும், எல்லாப் பதிவுகளையும் எக்செல் அல்லது பிற மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. கோப்பாக எந்நேரமும் எடுத்துக்கொள்ளும் வசதியும் கடைக்காரரின் கையில் இருக்கவேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் தகராறு வந்ததும் கடவுச்சொல் மாற்றப்பட்டுவிட, ஊழியர்கள் பழைய பில்களைப் புரட்டிச் சரக்கைக் கையால் எண்ணி எழுதினார்கள்.

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்ற கட்டணமில்லாத் தரவுத்தளங்களே நம் அளவு வணிகத்துக்குத் தாராளம். பெயரைவிட, மூன்று கவுண்டரில் ஒரே நேரத்தில் பில் போடும்போது கடைசிப் பொருள் இரண்டு பேருக்கு விற்கப்படாமல் பார்த்துக்கொள்கிறதா என்பதே முக்கியம். முழுவதும் இணையத்தை நம்பிய அமைப்பும் நமக்கு ஒத்துவராது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபின் மின்சாரமும் தொலைபேசியும் நாள்கணக்கில் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டோம். கடைக்குள் ஒரு கணினியில் தரவுத்தளமும், வெளியூரில் இருக்கும் சர்வரில் அன்றாட நகலும் என்பது பொருத்தமான ஏற்பாடு.

மாவட்டத்திலுள்ள வணிகர் சங்கங்கள் இந்த நிபந்தனைகளை உள்ளடக்கிய மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்க முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், முந்தைய நாள் நகலைக் கொண்டு வேறொரு கணினியில் கடையின் முழு இருப்பையும் மீட்டுக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
கணக்கர் ஒருவர்,
தக்கலை