எல்லா ஊருக்கும் 50 ரூபாய் போடாதீங்க: குமரி மாவட்டத்து சுயஉதவிக் குழு அக்காமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். போன மாதம் தக்கலையில் நடந்த ஆன்லைன் விற்பனை வகுப்புக்கு நானும் வந்திருந்தேன், கடைசி வரிசையில் இருந்தேன். கருங்கல், குலசேகரம், தோவாளை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தீர்கள். போட்டோ எடுப்பது, பொருளுக்குப் பெயர் எழுதுவது, கணக்குத் தொடங்குவது எல்லாம் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முடிகிற நேரத்தில் ஒரு அக்கா எழுந்து கூரியர் சார்ஜ் எவ்வளவு போடணும் என்று கேட்டபோது, "எல்லா ஊருக்கும் 50 ரூபாய் போட்டுருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது, நீங்கள் எல்லாரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் அதே 50 ரூபாயைத்தான் போட்டேன், முதல் மூன்று மாதமும் விற்க விற்க கையிலிருந்து காசு போனது. அன்றைக்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன், அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில் என் சிப்ஸ் கதையைச் சொல்கிறேன். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் 1 கிலோ, கால் கிலோ கவர் நான்காகப் போட்டு, வீட்டில் கிடந்த ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து மும்பைக்கு அனுப்பினேன். தராசில் 1 கிலோ 200 கிராம் காட்டியது. பில் வந்தது 3 கிலோவுக்கு. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து போனில் சண்டையும் போட்டேன், ஆனால் கணக்கு அவர்கள் பக்கம்தான் சரியாக இருந்தது. கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி வண்டியில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, 5000-ஆல் வகுக்க வேண்டும். இதை வால்யூமெட்ரிக் வெயிட் என்பார்கள். சில கூரியரில் வகுக்கிற எண் இன்னும் குறைவு, அதனால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என் பெட்டி 30, 25, 20. பெருக்கினால் 15,000, வகுத்தால் 3 கிலோ. தராசு எடை, பெட்டி அளவில் வரும் இந்த எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். அதே சிப்ஸை 25, 20, 16 பெட்டியில் அடக்கியபோது 1.6 கிலோ ஆனது, 2 கிலோவுக்குப் பில் வந்தது. சரக்கும் ஊரும் அதேதான், மாறியது பெட்டி மட்டும்தான். சிப்ஸ், அச்சுமுறுக்கு, தும்பு (தேங்காய் நார்) பொருட்கள் மாதிரி லேசாகவும் பெரிதாகவும் இருக்கிற எதை விற்றாலும் முதலில் சரியான பெட்டியைத் தேடுங்கள், விலையை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

தேன் விற்கிற மார்த்தாண்டம் பக்கத்து அக்காமாருக்கு இது நேர் எதிர். தேன் கனம், பெட்டி சின்னது, அங்கே தராசுதான் பேசும். கூரியர் ரேட் பெரும்பாலும் அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏறும், 510 கிராம் என்றாலும் 1 கிலோவுக்குத்தான் பில். நாம் எல்லாரும் பழக்கத்தில் அரைக் கிலோ பாட்டில் போடுகிறோம், பாட்டில், பெட்டி, பபிள் கவர் எல்லாம் சேர்ந்தால் அரைக் கிலோவைத் தாண்டாமல் இருக்கவே முடியாது. நான் 350 கிராம் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாறினேன், பேக் பண்ணி வைத்தால் 470 கிராம் நிற்கிறது. இரண்டு பாட்டில் சேர்த்து விற்றால் 1 கிலோவுக்குள் அடங்கும். கண்ணாடி பாட்டில்தான் அழகு என்பது எனக்கும் தெரியும், ஆனால் உடைந்து போய்ச் சேருகிற ஒரு பாட்டில் பக்கத்துப் பார்சல் பத்தையும் ஒட்டவைத்துவிடும். கிராம்பு, நல்லமிளகு விற்கிறவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. நம்ம கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, 100 கிராம் பாக்கெட் ஒரு கவருக்குள் போய்விடும், விலையும் தாங்கும். எதை முதலில் ஆன்லைனில் போடலாம் என்று யோசிக்கிற குழு இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள் என்பேன்.

இனி ஊர்க்கணக்கு. உங்கள் பொருளை வாங்கப்போகிறவர்கள் பெரும்பாலும் நம்ம ஊர்க்காரர்கள்தான், சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறவர்கள், ஏத்தங்காய் சிப்ஸுக்கும் முந்திரிக்கொத்துக்கும் ஏங்கிக் கிடக்கிறவர்கள். பேக் பண்ணிய ஒரு பெட்டியை எடை போட்டு, அளந்து, கூரியர் கம்பெனியின் ரேட் பார்க்கிற பக்கத்தில் உங்கள் பின்கோடையும் அந்த ஊர்களின் பின்கோடையும் போட்டுப் பாருங்கள். தபால் துறையின் இணையதளத்திலும் பார்க்கலாம். உதாரணத்துக்கு சென்னைக்கு 60, பெங்களூருக்கு 70, டெல்லிக்கு 95 காட்டுகிறது என்று வையுங்கள். பத்து ஆர்டரில் ஆறு சென்னை, மூன்று பெங்களூர், ஒன்று டெல்லி என்றால் மொத்தம் 665, ஒரு ஆர்டருக்கு 66 ரூபாய் 50 காசு. கூரியர் பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஏறும், 78 ஆகிவிடும். அட்டைப்பெட்டி, டேப், பபிள் கவருக்கு 20 ரூபாய் வையுங்கள், ஏனென்றால் நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, நனையாத கவர் போடாமல் அனுப்பவே முடியாது. 98 ரூபாய் வந்துவிட்டது. வகுப்பில் எழுதிக்கொண்ட 50 எங்கே, இந்த 98 எங்கே?

கேரளா விஷயத்தில் தனியாகக் கவனம் வேண்டும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளா, 1956 நவம்பர் 1 வரைக்கும் நாமும் அந்தப் பக்கம்தான், பாதிப்பேருக்கு திருவனந்தபுரத்தில் சொந்தம் இருக்கிறது, ஆர்டரும் வரும். ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்ன விற்பனையாளர்கள் ஆன்லைன் தளத்தில் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் கொடுத்த சலுகை, சொந்த மாநிலத்துக்குள் விற்பதற்கு மட்டும்தான். அதற்கும் ஜி.எஸ்.டி. தளத்தில் பான் எண் கொடுத்து ஒரு பதிவெண் வாங்க வேண்டும். அதனால் பதிவு இல்லாத குழு 700 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சென்னைக்கு அனுப்பலாம், எல்லையைத் தாண்டியதும் வருகிற பாறசாலைக்கு அனுப்ப முடியாது, பெங்களூருக்கும் முடியாது. மேலே நான் போட்ட கணக்கில்கூட அவர்கள் தமிழ்நாட்டு ஊர்களை மட்டும்தான் எடுக்க வேண்டும். ஷிப்பிங் பக்கத்தில் எல்லா மாநிலத்துக்கும் டிக் அடிக்கும் முன்னால் இதைப் பாருங்கள்.

அடுத்தது "ஃப்ரீ டெலிவரி". எல்லாரும் போடுகிறார்கள், நாமும் போட்டால்தான் வாங்குவார்கள் என்று நினைக்கிறோம். 180 ரூபாய் அச்சுமுறுக்குக்கு ஃப்ரீ டெலிவரி கொடுத்தால் மிச்சம் எதுவும் இருக்காது, அந்த 98-ஐ விலையில் ஏற்றினால் யாரும் வாங்க மாட்டார்கள். என் அபிப்பிராயம், 500 ரூபாய்க்குக் கீழே உள்ள ஆர்டருக்கு ஃப்ரீ வேண்டாம், மூன்று பாக்கெட் சேர்த்து ஒரு செட்டாகப் போட்டு அதற்கு ஃப்ரீ கொடுங்கள், பெட்டியும் நிறையும். இன்னொன்று, சில தளங்களில் வாடிக்கையாளரிடம் நீங்கள் வாங்குகிற கூரியர் சார்ஜுக்கும் சேர்த்தே கமிஷன் பிடிப்பார்கள், அதையும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம் அதே ஷிப்பிங் பக்கத்தில், ஒரே ஆர்டரில் இரண்டாவது, மூன்றாவது பொருளுக்கு எவ்வளவு சார்ஜ் என்று கேட்க "கூடுதல் பொருள் ஒன்றுக்கு" என்று ஒரு கட்டம் வரும். நான் அதைக் கவனிக்காமல் முதல் பொருளுக்குப் போட்ட தொகையையே அதிலும் போட்டுவிட்டேன். நான்கு பாக்கெட் முந்திரிக்கொத்து எடுத்த ஒரு அம்மாவுக்கு நான்கு மடங்கு கூரியர் சார்ஜ் காட்டியது. அவர்கள் நல்ல மனசோடு மெசேஜ் போட்டுக் கேட்டதால் தெரிந்தது, கேட்காமல் போனவர்கள் எத்தனை பேரோ. முதல் பொருளுக்கு முழுத் தொகை, அடுத்ததுக்கு எடை ஏறுவதால் கூரியர் கூலி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மட்டும் போடுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரியை முதல் இரண்டு மாதம் திறக்கவே வேண்டாம். வாங்காமல் திருப்பி அனுப்பினால் போன கூலியும் வந்த கூலியும் நம் தலையில்தான், சிப்ஸும் நொறுங்கி வரும்.

ஒவ்வொரு பெட்டியையும் தராசில் வைத்து ஒன்று, பக்கத்தில் அளக்கிற டேப்பை நீட்டி ஒன்று என்று இரண்டு போட்டோ எடுத்து வையுங்கள். எடை கூட்டிப் பில் வந்தால் மறுக்க சில நாள்தான் தருவார்கள், போட்டோ இல்லாமல் பேச முடியாது.

வகுப்பு நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை இதற்கென்று அரை நாள் ஒதுக்குங்கள், அவரவர் பொருளைப் பேக் பண்ணிக் கொண்டுவரச் சொல்லுங்கள். என் தராசையும் டேப்பையும் நான் கொண்டுவருகிறேன், பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் கடைசி பெட்டியை அளக்கிற வரைக்கும் இருக்கிறேன்.

அன்புடன்,
கடைசி வரிசையில் இருந்த உங்கள் சகோதரி