'நேரமிருந்தால்' என்ற சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஒரு வரி உறுத்தியது. சரியாகத்தான் படித்தேனா என்று பார்க்கவே இரண்டாம் முறை. "பாடங்களை முடித்த பிறகு நேரமிருந்தால், சிறு வகுப்புப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று சில சோதனைகளைச் செய்து காட்டலாம்" என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர்.

நேரமிருந்தால்! 31 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டே ஓய்வு பெற்றேன். நான் மதித்துப் படிக்கும் இதழிலும் அதை அச்சில் பார்க்க நேர்ந்ததில் மனம் மிகவும் வருந்துகிறது. 'செய்து காட்டலாம்' என்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஆசிரியர் ஒருவர் செய்ய, நாற்பது பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால் அது செய்முறை ஆகாது.

ஒருமுறை நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு பள்ளி முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, மணிக்கொரு தரம் நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைக்கச் சொன்னேன். பன்னிரண்டு மணிக்கு நிழலே இருக்காது என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் படத்தைப் பார்த்துப் படித்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? பன்னிரண்டு அடித்தது. நிழல் இருந்தது. "குச்சி கோணலா இருக்கு டீச்சர்" என்றான் ஒரு பையன். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம். குச்சி நேராகத்தான் நின்றது.

மறுநாள் பதினொன்றரை மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தார்கள். மிகக் குட்டையான நிழல் பன்னிரண்டுக்கு விழவில்லை, சற்றுத் தள்ளி விழுந்தது. கடிகாரத்தின் பன்னிரண்டும் சூரியனின் உச்சியும் ஒன்றல்ல என்பதை நான் சொல்லவில்லை, தரையிலிருந்த புள்ளிகள் சொல்லின. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன், எகிப்தின் சையீன் நகரில் நண்பகலில் நிழலே விழாத நாளில், அலெக்சாந்திரியாவில் நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கண்ட கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ், அதை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார் என்பது தாங்கள் அறியாததல்ல. அந்த நிழலையா நேரமிருந்தால் பார்க்க வேண்டும்?

இன்னோர் ஆண்டு ஒரு தொட்டியில் தலைப்பிரட்டைகள் வளர்த்தோம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதற்கென்றே ஒரு நோட்டுப் போட்டிருந்தாள். "இன்று கால் இல்லை." அடுத்த பக்கம், "இன்றும் கால் இல்லை." இப்படியே பல பக்கங்கள். பிறகு ஒரு நாள் பெரிய எழுத்தில், "பின்னங்கால்!" முன்னங்கால்தான் முதலில் வரும் என்று பந்தயம் கட்டியிருந்தவர்கள் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். தவறும் நடந்தது. முன்னங்கால் முளைக்கும் சமயம், ஏறி உட்கார ஒரு கல்லைத் தொட்டியில் வைக்க நான் மறந்துவிட்டேன். இரண்டு குட்டித் தவளைகள் மூழ்கி இறந்துபோயின. "தண்ணியில பிறந்தது தண்ணியில எப்படி டீச்சர் மூழ்கும்?" என்று அழுதுகொண்டே கேட்டாள் அந்தச் சிறுமி. செவுள் மறைந்து நுரையீரல் வருவதை அன்று போல் என்றும் நான் கற்பித்ததில்லை. அந்த இரண்டு உயிர்களுக்கு இன்றும் நான்தான் பொறுப்பு.

அதே வாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரி தொட்டியைப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பாடத்தில் வருகிறது?" என்று கேட்டார். சிறுமியின் நோட்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, சிவப்பு மையால் திருத்தவில்லை என்று குறிப்பு எழுதிப் போனார். அதில் திருத்த என்ன இருந்தது?

பூட்டிய அலமாரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த பள்ளிகளில் அறிவியல் கருவிகள் இல்லாமல் இல்லை. லென்ஸ், வெப்பமானி, தராசு, சட்டக்காந்தம் எல்லாம் இருப்புப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தன. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் சாவி தலைமையாசிரியர் மேசையை விட்டு நகராது. ஒரு வழியாக நான் கேட்டு வாங்கித் திறந்தபோது லென்ஸ்கள் உறை பிரிக்காமல் கிடந்தன. காந்தங்களோ, முனைகளில் வைக்க வேண்டிய இரும்புத் துண்டுகள் இல்லாமல் ஒன்றோடொன்று அடைபட்டு, ஒரு குண்டூசியைக் கூட இழுக்கவில்லை. குழந்தை கை பட்டு உடைந்திருந்தால் கூட எனக்கு இவ்வளவு துக்கம் இருந்திருக்காது.

கண்காட்சி என்ற பெயரில் பெற்றோர் இரவெல்லாம் விழித்து ஒட்டித் தரும் எரிமலைகளுக்குப் பரிசு கொடுப்பதையும், வீட்டுப்பாடம் எழுதாதவனைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றத் 'தண்டனையாக' அனுப்புவதையும் எழுதப் புகுந்தால் தங்கள் பக்கம் போதாது.

கண்ணாடி போடும் குழந்தைகள் பெருகிவிட்டார்கள் என்று தங்கள் மருத்துவப் பக்கம் கவலைப்பட்டிருந்தது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஆறு பள்ளிகளில் மட்டும் நாள்தோறும் 40 நிமிடம் வெளியில் ஒரு வகுப்பைக் கூடுதலாக நடத்தினார்கள். மூன்று ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம். அங்கே அந்த நாற்பது நிமிடத்துக்குக் கால அட்டவணையில் இடம் ஒதுக்கினார்கள், மிஞ்சுமா என்று காத்திருக்கவில்லை. ஒரு பக்கத்தில் கண்ணுக்காகக் கவலைப்பட்டு, மறு பக்கத்தில் நேரமிருந்தால் வெளியே போகலாம் என்பது தங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறதா?

தங்கள் சிறுவர் பக்கத்தின் மேல் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. சில மாதங்களுக்கு முன், மாலையில் கிழக்கே மெல்லிய பிறைநிலா எழுவதாக ஒரு படம் வந்தது. மாலைப் பிறை மேற்கில்தான் தெரியும், சூரியனைத் தொடர்ந்து அதுவும் மறைந்துவிடும். இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, நிலாவை மாடியில் நின்று தினமும் வரைந்துவந்த என் பேத்தி. அவள் தன் கையாலேயே தங்களுக்குக் கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. அவளுக்குப் புத்தகத்தை நம்புவதா, கண்ணை நம்புவதா என்ற கேள்வி வந்துவிட்டது. கண்ணை நம்பு என்று சொல்லியிருக்கிறேன்.

கேட்பது பெரிதல்ல. சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு சோதனை போடுகிறீர்கள். "வெள்ளைப் பூவின் காம்பை நிறம் கலந்த நீரில் வையுங்கள், இதழ்களில் நிறம் ஏறும்" என்று அடுத்த வரியிலேயே முடிவையும் சொல்லிவிடுகிறீர்கள். அதைப் படித்த பிள்ளை எதற்காகப் பூவைத் தேடிப் போகும்? "வையுங்கள், என்ன ஆகிறது என்று எழுதி அனுப்புங்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டு, முடிவை அடுத்த வாரம் வெளியிடுங்கள். முடிந்தால் பிள்ளைகள் எழுதியதிலிருந்தே இரண்டு வரி எடுத்துப் போடுங்கள், எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பிறைநிலாப் படத்துக்கும் ஒரு சிறு திருத்தம் போட்டால், என் பேத்தியிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை