செம்மணிக்கு உதவ நினைப்பவர்களுக்கு: முதலில் தாய்மாரின் மாதிரிகளை எடுங்கள்

இலங்கையின் நீதித்துறையைப் பலப்படுத்த நிதியும் நிபுணர்களும் அனுப்பும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும், ஐ.நா. நிறுவனங்களுக்கும், கொழும்பிலுள்ள தூதரகங்களுக்கும்,

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். மனிதப் புதைகுழிகள் தொடர்பாக நீங்கள் செய்ய நினைக்கும் உதவிகளில் ஒன்றை மட்டும் இந்த வருடமே தொடங்குங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய், தகப்பன், பிள்ளைகளிடம் மரபணு மாதிரி எடுத்துப் பத்திரப்படுத்தும் வேலையைச் சொல்கிறேன். கட்டடம், கணினி, பயிற்சிப் பட்டறை எல்லாம் அடுத்த வருடமும் செய்யலாம். இதை அடுத்த வருடம் செய்தால் மாதிரி கொடுக்கச் சிலர் இருக்க மாட்டார்கள்.

யாழ்ப்பாண நகருக்கு அருகே செம்மணியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். 2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடைக் கட்டட வேலைக்காக மண்ணை வெட்டியபோது எலும்புகள் வந்தன. யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் கட்டளைப்படி அகழ்வு தொடங்கியது. செப்டெம்பர் தொடக்கத்தில் அந்தக் கட்டம் முடிந்தபோது கண்டறியப்பட்ட என்புத் தொகுதிகள் 240. ஆழமில்லாத குழிகள், ஒழுங்கில்லாத அடுக்கு. நான்கைந்து வயதுக் குழந்தை ஒன்றின் எலும்புகளோடு நீல நிறப் புத்தகப் பை ஒன்று கிடைத்தது. யுனிசெஃப் கொடுத்த பை. இந்த மடலைப் பெறுகிறவர்களில் யுனிசெஃபும் ஒன்று என்பதால் அதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஓகஸ்டில் அந்த மண்ணிலிருந்து வந்த உடுப்புகளையும் பொருட்களையும் மக்கள் வந்து பார்க்கலாம் என்று நீதிமன்றம் அறிவித்தது. ஜனங்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். முப்பது வருடம் மண்ணுக்குள் கிடந்த துணியை வைத்து ஒரு தாய் என்னத்தைச் சொல்வாள்? அந்தக் காலத்தில் யாழ்ப்பாணக் கடைகளில் ஒரே சீத்தைத் துணியில் எத்தனை சட்டை தைத்திருப்பார்கள்!

பொஸ்னியாவிலும் முதலில் இப்படித்தான் உடுப்பையும் பொருட்களையும் காட்டி ஆள் தேடினார்கள். சிறு பகுதியினரைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. 1996இல் உருவான, காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு அங்கே உறவினர்களின் விரல் நுனியில் குத்தி, சில சொட்டு இரத்தத்தை அட்டையில் எடுத்துச் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. மரபணு மூலம் முதல் பொருத்தம் 2001இல் கிடைத்தது. அந்த நாட்டின் ஸ்ரெப்ரெனிட்சா நகரப் படுகொலையில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 7,000 பேரளவில் இன்று பெயரோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அங்கே கொலையாளிகள் புதைகுழிகளை இயந்திரத்தால் கிண்டி எலும்புகளை வேறிடங்களுக்கு ஏற்றிப் போனதால் ஒரே மனிதனின் எலும்பு பல குழிகளில் கிடந்தது. அதையும் மீறித்தான் இந்தக் கணக்கு.

அந்த அட்டை சாதாரண விடயம். காய்ந்த பிறகு குளிரூட்டி வேண்டாம், வருடக்கணக்கில் அலுமாரியில் இருக்கும். இலங்கையில் இன்னும் ஆய்வுகூடம் தயாரில்லை, சட்டம் தயாரில்லை என்ற பதில்கள் எனக்கும் தெரியும். அட்டை அதுவரை காத்திருக்கும். தாய் காத்திருப்பாள் என்று யார் உத்தரவாதம் தருவது? 2017 பெப்ரவரியில் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் போராட்டப் பந்தலில் உட்கார்ந்த தாய் தகப்பன்மாரில் பலர் இன்று உயிரோடு இல்லை. எலும்பிலிருந்து எவ்வளவு சுத்தமான மரபணு எடுத்தாலும் ஒப்பிட உறவு வேண்டும். தாயும் தகப்பனும் இருந்தால் பதில் உறுதியாக வரும். சகோதரம் ஒன்று மட்டும் மிஞ்சினால் சந்தேகம் கூடும். ஆகவே ஒவ்வொரு மரணச் சடங்கோடும் ஒரு சாட்சியும் போகிறது.

உங்கள் பழைய உதவிகளைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 1998இல் பாடசாலை மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய், செம்மணியில் 300, 400 உடல்கள் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டி 15 உடல்களை எடுத்தார்கள். வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வந்து நின்றார்கள். அந்த 15 பேருக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. பிறகு 2007இல் இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதி தலைமையில் சர்வதேசப் பிரமுகர் குழு ஒன்று வந்தது. திருகோணமலையில் ஐந்து மாணவர்கள், மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டவை உட்பட்ட வழக்குகளின் விசாரணையைக் கண்காணிப்பது வேலை. விசாரணை சர்வதேசத் தரத்தில் இல்லை என்று சொல்லி 2008இல் அவர்கள் விலகிவிட்டார்கள். நேர்மையான முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு இங்கே என்ன மிஞ்சியது? ஒரு ஆய்வுகூடமா, பயிற்சி பெற்ற ஒரு ஆளா?

மன்னாரில் நடந்தது இன்னொரு விதம். அரச விற்பனை நிலையமான சதொசவின் வளாகத்தில் 2018இல் தொடங்கிய அகழ்வில் 300க்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள் வந்தன. சில மாதிரிகள் அமெரிக்காவில் புளோரிடாவிலுள்ள தனியார் ஆய்வுகூடத்துக்கு, எலும்பின் காலத்தைக் கணிக்கும் காபன் சோதனைக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த அறிக்கை அவை 15 முதல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றது. அறிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குடும்பங்களுக்கு அதை விளக்கவோ, அவர்கள் கேட்ட கேள்விக்கு எதிரே இருந்து பதில் சொல்லவோ அந்தத் துறை தெரிந்த, அவர்கள் நம்பும் ஆள் ஒருவரும் பக்கத்தில் இல்லை. அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த கடதாசி ஒன்று, அவ்வளவுதான். இன்றும் மன்னாரில் பாதிப் பேர் அதை நம்புவதில்லை.

ஆகவே மாதிரிப் பெட்டி வெளிநாடு போய் அறிக்கை மட்டும் திரும்பி வரும் உதவி போதாது. சரி, வேறெப்படி? ஆர்ஜென்டீனாவைப் பாருங்கள். 1984இல் இராணுவ ஆட்சி முடிந்த கையோடு அமெரிக்க அறிவியல் சங்கம் ஒன்றின் குழுவோடு கிளைட் ஸ்னோ என்ற தடயவியல் மானிடவியலாளர் போனார். அங்கே அனுபவமுள்ள ஆட்கள் இல்லை. பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்துப் புதைகுழியிலேயே வைத்துப் பழக்கினார். அந்த மாணவர்கள்தான் பிறகு ஆர்ஜென்டீனாவின் தடயவியல் மானிடவியல் குழு ஆனார்கள். அதோடு 1987இல் பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தேசிய மரபணு வங்கி ஒன்றை அமைத்தது. காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளிடமிருந்து பறிக்கப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் உயிரோடு இருக்கும்போதே இரத்தம் கொடுத்தார்கள். பாட்டி இறந்த பிறகும் அவள் கொடுத்த மாதிரி பேரனைக் கண்டுபிடித்திருக்கிறது. அப்புறம் அதே குழு குவாத்தமாலாவுக்கும் போய்ப் பழக்கியது. இன்று குவாத்தமாலாக்காரர் தங்கள் சொந்த மரபணு ஆய்வுகூடத்தை நடத்துகிறார்கள், நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறார்கள்.

அந்த வரிசையில் அடுத்ததாக யாழ்ப்பாணம் ஏன் இருக்கக்கூடாது? இங்கே மருத்துவ பீடம் இருக்கிறது, சட்ட வைத்திய அதிகாரிகள் இருக்கிறார்கள். ராடார் ஸ்கான் எடுக்க ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்திலிருந்து செம்மணிக்கு ஆட்கள் வந்தார்கள். கெட்டிக்காரர் இல்லாத நாடில்லை இது. நாலு பேரை இரண்டு வாரம் ஹேக் நகரத்துக்குக் கூட்டிப்போய்ப் படம் பிடித்து அனுப்புவதற்குப் பதிலாக, நாலு பேரை இரண்டு வருடம் குவாத்தமாலாவில் விடுங்கள். கொழும்பு ஹோட்டல் செயலமர்வுகளை இனி நிறுத்தினாலும் இங்கே ஒருவரும் அழமாட்டார்கள்.

மாதிரியை யார் வைத்திருப்பது என்பதுதான் உண்மையான சிக்கல். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கையில் தன் இரத்தம் போகும் என்றால் முல்லைத்தீவுத் தாய் விரலை நீட்டமாட்டாள். அவளுடைய பயம் ஆதாரமில்லாத பயமும் அல்ல. அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, பிறகு காணாமல் போனோர் அலுவலகம் என்று எல்லா இடத்துக்கும் மகனின் அதே படத்தைக் கொண்டுபோனவள் அவள். ஒன்றிலிருந்தும் மகன் எங்கே என்ற பதில் வரவில்லை. ஆகவே மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி நீதிமன்றக் கட்டளையின் கீழ் இங்கே இருக்கட்டும். மற்றப் பாதி நாட்டுக்கு வெளியே, இந்த வேலையில் பெயரெடுத்த நிறுவனம் ஒன்றில் இருக்கட்டும். அடையாளம் காண்பதைத் தவிர வேறு எதற்கும் பாவிக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நிதி ஒப்பந்தங்களில் எத்தனையோ நிபந்தனை போடுகிறீர்கள், இதையும் ஒன்றாகச் சேர்க்க முடியாதா?

கொழும்பு சம்மதிக்குமா என்று கேட்பீர்கள். 2015இல் வெளிநாட்டு நீதிபதிகளைப் பற்றிப் பேசிய ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இணை அனுசரணை கொடுத்துவிட்டு 2020இல் விலகிய நாடு இது. நீதிபதி என்றால் கதவைச் சாத்துவார்கள். ஆய்வுகூட உதவி என்றால் அவ்வளவு இறுக்கமாகச் சாத்தமாட்டார்கள். அதைவிட, இதை வடக்கின் விடயமாக மட்டும் கொண்டுபோகாதீர்கள். 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் கிடைத்தன. 1980களின் இறுதியில் இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி.யின் கிளர்ச்சியை அடக்கியபோது கொல்லப்பட்டவர்கள் அவர்கள் என்று அன்று பலர் நம்பினார்கள். ஜே.வி.பி.யினர்தான் இன்று ஆட்சியில் இருக்கிறார்கள். மாத்தளைச் சிங்களத் தாய்க்கும் அதே அட்டை, அதே ஊசி. அவளையும் முதல் நாளே வரிசையில் சேர்த்தால் பாராளுமன்றத்தில் இதை எதிர்ப்பது லேசாக இருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் ஐ.நா. அபிவிருத்தித் திட்டமும் யுனிசெஃபும் நீதி அமைச்சோடு சேர்ந்து நடத்தும் நீதித்துறைத் திட்டத்தில் வழக்குத் தேக்கத்தைக் குறைப்பது, கணினிமயமாக்குவது எல்லாம் இருக்கின்றன. தேவையானவைதான். அதில் ஒரு சிறு பங்கு போதும் இந்த மாதிரிச் சேகரிப்புக்கு. ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் வோல்கர் டேர்க் 2025 ஜூனில் செம்மணிக்கு நேரே வந்து பார்த்தார். வந்து பார்த்ததற்கு நன்றி. இனி ஊசியோடும் அட்டையோடும் ஆட்களை அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு சின்னக் கோரிக்கை. சம்மதப் படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் முதலில் எழுதி, பிறகு உங்கள் தேவைக்கு ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பொஸ்னியாவில் ஒரு கால் எலும்பு கிடைத்ததும் அறிவித்தார்கள், அடக்கம் செய்தார்கள், அடுத்த வருடம் கை எலும்பு கிடைத்ததும் திரும்பக் கிண்ட வேண்டி வந்தது. அதனால் அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கட்டும்: உங்கள் பிள்ளையின் ஒரு பகுதி மட்டும் கிடைத்தால் உடனே சொல்லவா, முழுவதும் கிடைக்கும்வரை பொறுக்கவா? முடிவு வரும் நாளில் பத்திரிகைக்காரருக்குச் சொல்வதற்கு முன்பே குடும்பத்துக்குச் சொல்லுங்கள். தொலைபேசியில் வேண்டாம், வீட்டுக்கு ஆளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணக் குடிமகன் ஒருவன்