ரக்தாட்சி வருஷத்துக் கோடு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலாம். ஆடிப்பெருக்கன்று கொள்ளிடத்தில் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு தண்ணீர் போயிற்று. துறையில் காதோலை கருகமணி விட்டோம். மருமகளுக்கும் பாப்பாவுக்கும் மஞ்சள் கயிறு எடுத்து வைத்திருக்கிறேன். யாராவது சிங்கப்பூர் கிளம்பினால் கொடுத்தனுப்புகிறேன்.

போனில் பேசினால் நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை, "விழப்போகிற மண்டபத்தை வைத்துக்கொண்டு என்னம்மா பண்ணப்போறீங்க" என்று கேட்டுவிட்டு நீ வைத்துவிட்டாய். அதற்குப் பதில் அன்றைக்கு எனக்கு வாயில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நீங்கள் எல்லாரும் பணம் சேர்த்துச் சமுதாயக் கூடம் கட்டித் தருவதில் எனக்குச் சந்தோஷம்தான். படம் பார்த்தேன், அழகாக இருக்கிறது. ஆற்று நடுவில் இருக்கிற நம் திட்டில் ஒரு வளைகாப்பு வைக்க இடம் இல்லை. வெள்ளம் என்றால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கரைப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்க வேண்டியிருக்கிறது. கூடம் கட்டுங்கள். துறை மண்டபத்தை இடித்துவிட்டு அந்த இடத்திலேயேதான் கட்ட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

அந்த மண்டபத்தில் உனக்கு ரக்தாட்சியைத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும், ஆறு மணிக்கு மேல் துறைப் பக்கம் போனால் ரக்தாட்சி பிடித்துக்கொள்வாள் என்று உன்னைப் பயமுறுத்தியதே நான்தானே. மேற்குத் தூணில் சுண்ணாம்புக்கு நடுவே அந்த ஒரு வார்த்தை மட்டும் தெரியும். ஆற்றில் விழுந்து செத்த யாரோ ஒருத்தி பெயர் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. இந்தக் கோடை லீவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய், வெறும் தண்ணீரும் தேங்காய் நாரும் வைத்து அந்தத் தூணைக் கழுவினேன். இரும்பு பிரஷ் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மூன்று நாள் கழித்து முழுசாகத் தெரிந்தது: "ரக்தாட்சி வருஷம் ஆடி மாதம் வெள்ளம் இது மட்டும்." அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு உளியால் வெட்டிய கோடு.

அதில் ஒரு பிள்ளை, "இது மட்டும்தானா ஆயா, அப்புறம் வெள்ளமே வரலையா?" என்று கேட்டது. சிரித்துவிட்டேன். இடுப்பு மட்டும் தண்ணீர், கழுத்து மட்டும் தண்ணீர் என்று உன் அப்பாயி சொல்வாரே, அந்த "மட்டும்". இதுவரைக்கும் வந்தது என்று அர்த்தம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சும் போய்விட்டது.

ரக்தாட்சி அறுபது வருஷத்துக்கு ஒரு தரம் வரும். 1864, 1924, 1984. 84-இல் நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, துறையில் தினம் குளித்தேன், அப்படி ஒரு வெள்ளம் இல்லை. அப்பாயி வாயைத் திறந்தால் "இருபத்துநாலு வெள்ளம்" என்பாரே, அவர் பிறக்கும் முன்னே அவருடைய அம்மா பார்த்தது. 1924 ஜூலையில் காவிரியும் கொள்ளிடமும் உடைத்துக்கொண்டு போன வெள்ளம்தான் அது. ஆடி மாதமும் சரியாக வருகிறது. ஆக, ரக்தாட்சி யாரையும் பிடிக்கிறவள் இல்லை. நம் ஆட்கள் யாரோ வெள்ளம் வடிந்ததும் உளி எடுத்து வந்து, பின்னால் வருகிறவனுக்குத் தகவல் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்போது கணக்குக்கு வா. நீதான் இன்ஜினியர். மண்டபத்துத் தளத்திலிருந்து அந்தக் கோடு 5 அடி 2 அங்குலம். 2018 வெள்ளத்தில், முக்கொம்பு அணையில் ஒன்பது மதகு அடித்துக்கொண்டு போனதே அந்த ஆகஸ்டில், அதே தூணில் சேறு நின்ற இடத்தை அப்பா கரிக்கட்டையால் குறித்தார். அது 2 அடி 7 அங்குலம். நீங்கள் அனுப்பிய படத்தில் கூடத்தின் தரை அதே தளத்திலிருந்து 3 அடி உயரம். 2018 மாதிரி வந்தால் ஐந்து அங்குலத்தில் தப்பிப்போம். 24 மாதிரி வந்தால் கூடத்துக்குள் படுத்திருக்கிற பிள்ளைகள் மேல் இரண்டடித் தண்ணீர்.

மேட்டூர் அணை 1934-இல் வந்துவிட்டது, இனி அந்த மாதிரி வராது என்று உன் கூட்டாளி குழுவில் எழுதியிருந்தான். மேட்டூர் 120 அடி நிறைகிற வரைக்கும்தான் தாங்கும். நிறைந்த பிறகு மேலே இருந்து வருவதெல்லாம் அப்படியே இறங்கும். முக்கொம்புக்கு வந்ததும் காவிரிக்கு வேண்டியதை விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் கொள்ளிடத்தில்தான் தள்ளுவார்கள். கொள்ளிடம் இருப்பதே அதற்குத்தான். அதன் நடுவில் நாம் குடியிருக்கிறோம்.

சரி, அந்தக் கோடு இருக்கிற கல்லை மட்டும் வெட்டி எடுத்துப் புதுச் சுவரில் பதித்துவிடலாமே என்று நீ சொல்வாய். இடம் மாறினால் அது வெறும் கல். அந்த உயரத்தில், அந்தத் தளத்தில் இருக்கிற வரைக்கும்தான் அதற்கு வாய் இருக்கிறது.

இன்னொரு விஷயம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நம் கொல்லையில் துவைக்கிற கல் இருக்கிறதே, உன் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் அடித்துத் துவைத்தேனே, அதையும் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். அடிப்பக்கம் எழுத்து. முன்னும் பின்னும் உடைந்துவிட்டது. கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவருக்குப் படம் அனுப்பினோம். "சாவா மூவாப் பேராடு" என்ற மூன்று வார்த்தை தெளிவாக இருக்கிறது என்றார். சோழர் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, ஒன்று எரிய நெய்க்காக 96 ஆடு விடுவார்களாம். ஆடு சாகும், குட்டி போடும், ஆனால் கணக்கில் 96 குறையவே கூடாது. அதனால் சாகாத, கிழமாகாத ஆடு. எந்தக் கோயில் கல்லோ, எந்த வெள்ளத்தில் வந்து ஒதுங்கியதோ. முப்பது வருஷம் அதன் முதுகில் சோப்பு போட்டிருக்கிறேன்.

அதிலிருந்துதான் நோட்டுப் போட்டேன். சத்துணவுக் கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் அரிசிக் கணக்கு எழுதிய கை, சும்மா இருக்காது. நம் திட்டில் பழையது என்று எதெல்லாம் இருக்கிறது, எங்கே, எவ்வளவு உயரம் அகலம், யார் என்ன சொல்கிறார்கள், யாருடைய நிலத்தில். ஒரு பக்கத்துக்கு ஒரு இடம், எதிர்ப்பக்கத்தில் போட்டோ. சுமைதாங்கிக் கல் இருக்கிறது. பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக வைத்தது, தலைச்சுமையை இறக்கி வைக்க இன்னொரு ஆளைத் தேட வேண்டாம். வீரன் கோயில் மண்குதிரைகள், உறைகிணறு, இலுப்பை மரம். பஞ்சாயத்து ரேடியோ இருந்த அறையையும் பிள்ளைகள் சேர்த்துவிட்டார்கள். அது எல்லாம் சரித்திரமா என்று பெரியவர்கள் சிரித்தார்கள். சாயங்காலம் அந்த வாசலில் உட்கார்ந்து செய்தி கேட்டவர்களே இன்னும் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள், சிரிப்பதற்கு என்ன இருக்கிறது.

கீழத்தெரு ஆட்களுக்குத் தனித் துறை இருந்ததே, மண்டபத்துக்குக் கிழக்கே முந்நூறு அடி தள்ளி, படிக்கட்டு கூட இல்லாமல் வெறும் சரிவு. அதுவும் நோட்டில் ஒரு பக்கம். மண்டபத்தில் அவர்கள் ஒதுங்கி நிற்கக் கூட விட்டதில்லை என்பதையும் எழுதச் சொன்னேன். எழுதிய பிள்ளை அந்தத் தெருதான். "அதெல்லாம் எதற்கு இப்போது கிளறிக்கொண்டு" என்றார் ஒருவர். அந்தப் பிள்ளையின் பாட்டி வேறு மாதிரி சொன்னார்: "எங்களை உட்கார விடாத மண்டபம், இடிச்சாத்தான் என்ன?" எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை தம்பி. இடிக்கக் கூடாது என்று நான் சொல்வதும், அந்தப் பாட்டி கேட்டதும், இரண்டும் அந்த நோட்டில் இருக்கட்டும் என்று எழுதி வைத்தேன். பிறகு ஒரு நாள் அவரே வந்து தன் மாமனார் தோணி ஓட்டிய கதையைச் சொன்னார். நாலு பக்கம் வந்தது.

இடித்துக் கட்டுவதே தப்பு என்று நான் சொல்வதாக நினைக்காதே. கொள்ளிடத்து வடகரையில் திருமழபாடி இருக்கிறதே, அங்கே பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட இராஜராஜன் உத்தரவு போட்டான். பிரிப்பதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். அவன் மகன் இராஜேந்திரன் காலத்தில் புதுச் சுவரில் அவற்றைத் திரும்ப வெட்டினார்கள். இதே ஆற்றங்கரையில் ஆயிரம் வருஷத்துக்கு முன் தெரிந்திருந்த முறை. இதே ஆற்றில்தான் இன்னொன்றும் நடந்தது. 1836-இல் கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதில் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோய் அணையில் போட்டார்கள். அணை வேண்டாமா என்றால் வேண்டும்தான், கீழணை இல்லாவிட்டால் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் ஏது. ஆனால் அந்தக் கல்லில் என்ன எழுதியிருந்தது என்று இனி யார் சொல்வது?

ஊரில் இப்போது இரண்டு புரளி. ஒன்று, 2023-இல் சீர்காழிக் கோயிலில் யாகசாலைக்குத் தோண்டும்போது இருபதுக்கு மேல் ஐம்பொன் சிலைகளும் நானூற்றுக்கு மேல் தேவாரச் செப்பேடுகளும் கிடைத்ததே, அது மாதிரி மண்டபத்துக்கு அடியிலும் இருக்கும் என்று. போன மாதம் ராத்திரியில் யாரோ தூண் பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். அப்பா மண்ணைத் தள்ளி மூடினார். இன்னொன்று, தொல்லியல்காரர்கள் வந்தால் சுற்றிலும் கக்கூஸ் கூடக் கட்ட முடியாது என்று. நூறு மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்ற சட்டம் மத்திய அரசு பாதுகாக்கிற சின்னங்களுக்கு, 2010-இல் வந்தது. நம் மண்டபம் எந்தப் பட்டியலிலும் இல்லை. நோட்டில் எழுதுவதால் யார் வீட்டுக் கக்கூஸும் நிற்காது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். இன்னும் பாதிப் பேர் நம்பவில்லை.

அக்கரையில் இருக்கிற பெரிய கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினேன். சித்துக்கல் சுவர், அந்தக் காலத்துச் சின்னச் செங்கல், கெட்டியாகத்தான் இருக்கிறது, மேல்தளத்தில் அரச மரம் வேர் விட்டதுதான் வியாதி என்றார். வேரை ஒரேயடியாகப் பிடுங்கினால் சுவரும் கூட வந்துவிடும், அறுத்து அறுத்துச் சாகடிக்க வேண்டும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று கல் பொரிந்துவிடும் என்று தலையில் அடித்துக்கொண்டார். கிளிஞ்சல் சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், கொஞ்சம் வெல்லம். அரைத்துப் பூச அவருக்குத் தெரியும், அவர் பையனுக்குத் தெரியாது. அவருக்கு வயது எழுபத்தாறு.

கூடத்துக்கு இடம் இல்லையா என்றால் இருக்கிறது. பழைய களம் சும்மாதான் கிடக்கிறது, துறையை விட அங்கே மேடு. அளந்து பார்த்தோம், மண்டபத் தளத்தை விட ஒன்றே கால் அடி உயரம். ரக்தாட்சிக் கோட்டுக்கு மேலே தரை வர வேண்டுமானால் அங்கே தூண் எவ்வளவு தூக்க வேண்டும் என்று நீதான் போட்டுச் சொல்ல வேண்டும். செலவு கூடும் என்று தெரியும். அதையும் போட்டே சொல்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதை வைக்கப் போகிறேன். அதற்கு உன்னிடம் ஒன்று வேண்டும். உன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் படகில் வந்து இறங்கியபோது மண்டபத்து வாசலில் எல்லாரும் நின்று படம் எடுத்தோமே, மேல்தளத்துக் கைப்பிடிச் சுவரும் மூலையில் சுதைப் பொம்மையும் அப்போது முழுசாக இருந்தன. கொத்தனார் அதைப் பார்த்தால்தான் எப்படி இருந்தது என்று சொல்ல முடியும் என்கிறார். ஆல்பம் 2018 வெள்ளத்தில் ஊறிப் போய்விட்டது. உன் கம்ப்யூட்டரில் இருக்கும், பெரிய அளவிலேயே அனுப்பு. பதினான்காம் தேதிக்குள் வந்துவிட வேண்டும், சீர்காழிக்குப் போய்ப் பிரின்ட் போட ஒரு நாள் ஆகும்.

பாப்பாவுக்கு முத்தம். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

பி.கு.: கல்லை வீட்டுக்குள் தூக்கி வைத்துவிட்டோம். அதற்குப் பதிலாக அப்பா கொல்லையில் சிமென்டில் ஒரு மேடை கட்டியிருக்கிறார். அழுக்குப் போகவே மாட்டேன் என்கிறது.