மயிலையை மாற்ற வேண்டாம் கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், பால் சொசைட்டிக்கு நேரமாகிவிட்டது. போனில் பேசினால் பாதியில் யாராவது வந்துவிடுகிறார்கள். எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பழைய பேட்டரி வண்டியைக் கொடுத்துவிட்டு, இன்னும் வேகமாகப் போகிற புது வண்டி ஒன்று தீபாவளிக்கு எடுத்துத் தருகிறேன் என்றாய். வேண்டாம் சாமி. உன் மனசு எனக்குப் புரிகிறது. இட்டேரிப் பாதையில் அம்மா ஒற்றையாகப் போகிறாளே, நல்ல வண்டியாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறாய். ஆனால் இந்த வண்டியை என்னால் கொடுக்க முடியாது. மூன்று வருடத்தில் நீ வந்தது இரண்டு தடவை. இரண்டு தடவையும் அது திண்ணை ஓரமாகச் சார்ஜில் நின்றதைத்தான் பார்த்தாய். ஓடும்போது நீ பார்க்கவில்லை.

நீ வாங்கி அனுப்பியபோது நல்ல சிவப்பாக வந்தது, ஞாபகம் இருக்கிறதா? மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாது, மோட்டாரும் 250 வாட்டுக்குள்தான், லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்று தேடிப் பார்த்துச் சொன்னதே நீதான். அதுவரைக்கும் நான் அப்பாவின் டிவிஎஸ் 50இல் பின்னால் உட்கார்ந்து போனவள். 58 வயதில் முதன்முதலாக ஹேண்டிலைப் பிடித்தேன். களத்தில் ஒரு வாரம் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினேன். எட்டாம் நாள் காலையில் பால் கேனை வைத்துக்கொண்டு நானே சொசைட்டிக்குப் போய்விட்டு வந்தேன். வாசலில் வண்டியை நிறுத்தியபோது கை நடுங்கியது. பயத்தில் அல்ல கண்ணு, சந்தோஷத்தில்.

நம் இட்டேரி எப்படி என்று உனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, எதிரே மாடு வந்தால் வேலியோடு ஒட்டித்தான் நிற்க வேண்டும். ஆறு மாதத்தில் அந்தச் சிவப்பு முழுவதும் முள் கிழித்த கோடாகிவிட்டது. டயரில் வெள்வேல முள் ஏறி வாரம் ஒரு பஞ்சர். சரி, இந்த ஊருக்கு இப்படியே ஓட்டினால் ஆகாது என்று காங்கேயத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். டயருக்குள் பஞ்சர் அடைக்கிற திரவத்தை ஊற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் சின்ன முள்ளுக்கெல்லாம் காற்று இறங்குவதில்லை. பின்னால் புல்லுக்கட்டு வைக்க அகலமாக ஒரு கேரியர் பற்ற வைத்தோம். பன்னருவாள் சொருகுவதற்குப் பக்கத்தில் பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றைக் கட்டினேன். பத்து லிட்டர் பால் கேன் கால் வைக்கிற இடத்தில் கச்சிதமாக உட்காரும், பழைய சைக்கிள் டியூபை வாராக அறுத்து ஒரு இழுப்புக் கட்டு போட்டால் அசையாது. பெயின்டையும் அடித்துவிடுங்கள் என்றேன். பட்டறையில் அன்றைக்கு இருந்தது சாம்பல் நிறம். பதிவில்லாத வண்டி, நிறம் மாற்றினோம் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவும் வேண்டியதில்லை.

அப்படித்தான் அது மயிலையானது. பெயரை நான் வைக்கவில்லை, உன் அப்பா வாயிலிருந்துதான் வந்தது.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் டிவிஎஸ்ஸை எடுப்பதில்லை, இப்போது நான்தான் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறேன். பிள்ளையார் கோயில் மேட்டில் இரண்டு பேரோடு வண்டி திணறும். அன்றைக்கும் பாதி மேட்டில் நின்றுவிடும் போலிருந்தது. அவர் இறங்கினார். பின்னால் கையை வைத்து லேசாகத் தள்ளிக்கொண்டே, "ஹை... மயிலை, ஹை!" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. மேட்டின் உச்சியில் நான் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அப்பாவின் அப்பா, உன் அப்பாரு, கண்ணபுரம் தேர்ச் சந்தையில் பிடித்து வந்த மாட்டு ஜோடியில் ஒன்று மயிலை, இன்னொன்று செவலை. நீ பிறக்கும் முன்பே அவை போய்விட்டன. அப்பா சின்ன வயதிலிருந்து அவற்றின் பின்னால்தான் நடந்தார். நம் ஊர்க் கன்றுகள் பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருக்கும், ஆறு மாதம் போனால் நிறம் மாறிச் சாம்பல் மயிலையாகும். இந்த வண்டியும் சிவப்பாக வந்து ஆறே மாதத்தில் சாம்பலாகி நின்றது. நிறத்தைப் பார்த்துத்தானே நம் மாடுகளுக்குப் பெயர்? மயிலை, செவலை, காரி. இதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அந்த மாட்டின் கழுத்து மணியும் இப்போது வண்டியில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு. பேட்டரி வண்டிக்குச் சத்தமே இல்லை, அதுதான் அதன் ஆபத்து. ஒருநாள் கிழக்குத் தோட்டத்து ஆத்தா தலையில் புல்லுக்கட்டோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வந்ததும் திடுக்கிட்டுக் கட்டைப் போட்டுவிட்டு வேலியில் சாய்ந்துவிட்டார். கை முழுக்க முள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அப்பா அட்டாலிப் பரணில் ஏறி அந்த வெண்கல மணியை எடுத்து வந்தார். புளி போட்டுத் தேய்த்தபோது பார்த்தேன், நாக்கு பட்டுப் பட்டு உள்பக்கம் ஒரு இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு வழவழவென்று தேய்ந்திருந்தது. அத்தனை வருடம் அது நடந்திருக்கிறது. ஹேண்டிலுக்குக் கீழே தோல்வாரில் கட்டினோம். இட்டேரிக் குழியில் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் ஒலிக்கும். இப்போது ஆத்தா தூரத்திலிருந்தே ஒதுங்கி நின்று, "மயிலை வருதா?" என்று கேட்கிறார்.

அப்புறம், நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் பெயரை எழுதச் சொன்னேன். ரைஸ் மில்லுக்கெல்லாம் போர்டு எழுதுகிற வயசான பெயின்டர் ஒருவர்தான் எழுதினார். "மயி" என்று மஞ்சளில் இழுத்துவிட்டு நிமிர்ந்து, "லை எப்படிம்மா போடட்டும், பழைய மாதிரியா, புது மாதிரியா?" என்று கேட்டார். நீ படித்ததெல்லாம் புது எழுத்து. 1978இல் சர்க்கார் எழுத்தை மாற்றியபோது நான் எட்டாம் வகுப்பு. அதுவரைக்கும் லகரத்துக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி மேலே எழும்பி வளைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய மாதிரியே போடுங்கள் என்றேன். பிரஷைத் தூக்காமல் ஒரே இழுப்பில் அந்தத் துதிக்கையை வளைத்தார். பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் நான் எழுதிய அதே லை. அடுத்த தடவை வரும்போது கிட்டே உட்கார்ந்து பார், கண்ணு.

பேட்டரியை நினைத்துத்தான் நீ கவலைப்படுகிறாய், எனக்குத் தெரியும். முதலில் வந்தது வீங்கிவிட்டது, உண்மைதான். 60 கிலோமீட்டர் ஓடும் என்று விற்றார்கள், பால் கேனோடு 40தான் கிடைக்கிறது. ஆனால் எனக்கு ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் போதுமே. புதிதாக மாற்றிய பேட்டரியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடுவதில்லை, ஒரு மணி நேரம் ஆறட்டும் என்று விடுகிறேன். சித்திரை வெயிலில் வேப்ப மரத்தடியில்தான் நிறுத்துகிறேன். பைப்பை வைத்து அடித்துக் கழுவுவதில்லை, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. ஒரு முழு சார்ஜுக்கு ஒன்றரை யூனிட்டுக்குள்தான் ஆகிறது, வீட்டு மீட்டரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வேறு. கிணற்று மோட்டார் லைனில் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சக் கொடுக்கிற கரண்ட்.

வேகமான வண்டி எனக்கு எதற்கு? ஆடு மாடு மேய்கிற கொறங்காட்டுப் பக்கம் போகும்போது கொழுக்கட்டைப் புல் எந்த மூலையில் தழைத்திருக்கிறது, எந்த ஆடு நொண்டுகிறது என்று பார்த்துக்கொண்டே போகிறேன். அதற்கு இந்த வேகம்தான் சரி.

தீபாவளிக்குப் பணம் அனுப்ப வேண்டாம். நீ வந்தாலே போதும். முடியாவிட்டால் பட்டிப் பொங்கலுக்காவது வந்துவிடு, அன்றைக்கு மாடுகளோடு மயிலைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் புதுக் கயிறு கட்டுவோம். வரும்போது ஒன்று மட்டும் வாங்கி வா. இடது பக்கக் கண்ணாடி வேலியில் பட்டு உடைந்துவிட்டது, இங்கே அந்த அளவில் கிடைக்கவில்லை. அங்கே புனேவில் கிடைக்கும் என்கிறார்கள். வட்டமாக வேண்டாம், நீள்சதுரமாகப் பார். தண்டின் தடிமனை நூலில் அளந்து முடிச்சுப் போட்டு இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா